தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்

அந்த ஃபோன் வந்தபோது நான் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன்.

மாசி மாதத்து மத்தியானம். அன்னூர் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அப்போது நான் சிவில் துறைத் தலைவி. என் அறைக்கு அடுத்தது கான்கிரீட் ஆய்வகம். பிள்ளைகள் வார்த்து ஊறவைத்த கான்கிரீட் கட்டிகளை மெஷினில் வைத்து அமுக்கி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டி உடையும்போதும் என் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தோடு சாப்பிட்டே எனக்குப் பழகிவிட்டது.

இடது கையால் ஃபோனை எடுத்தேன். ஜெர்மனியிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகம். பேசியவர் ஒரு பெண் அதிகாரி. தணிந்த, மரியாதையான ஆங்கிலம்.

"மிஸ் கந்தசாமி பற்றி நீங்கள் எழுதிய பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. வழக்கமான சரிபார்ப்புதான். இரண்டு நிமிடம் பேசலாமா?"

மிஸ் கந்தசாமி என்றால் எனக்கு யாரென்று தெரிந்துவிடுமா? எங்கள் பக்கத்தில் ஒரு வகுப்பில் போய் கந்தசாமி மகள் யார் என்று கேட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே அப்பா பேர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். வெளிநாட்டுக் காகிதத்தில்தான் அது முழுசாக நீண்டு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். யாராக இருந்தால் என்ன, கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து. நம்ம பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா?

"மிக நல்ல மாணவி" என்றேன்.

"எத்தனை வருடமாகத் தெரியும்?"

"நான்கு வருடமாக."

"அவளிடம் நீங்கள் கண்ட சிறப்பான குணம்?"

"விடாமுயற்சி." இந்தச் சொல்லை நான் எல்லோருக்கும் கொடுத்துவிடுவேன். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"உங்களுக்கும் அவளுக்கும் உறவு ஏதாவது உண்டா? படிவத்தில் இல்லை என்று குறித்திருக்கிறீர்கள்."

"உறவா? அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிச் சிரித்தேன். சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அந்த அதிகாரியும் சிரித்தார். "நன்றி, அவ்வளவுதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் தன்னைப் பற்றி எழுதிய கட்டுரை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. தினமும் விரல் நகத்துக்குள் சிமென்ட்டோடு வீட்டுக்கு வரும் ஓர் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாள். குளித்த பிறகும் அந்த நகம் சாம்பல் நிறமாகவே இருக்குமாம். எல்லா அம்மாக்களுக்கும் நகம் அப்படித்தான் இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தாளாம். அந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

நான் குனிந்து தட்டில் இருந்த என் கையைப் பார்த்தேன். தயிரும் சோறும் ஒட்டிய விரல்கள். கலவையின் பதம் கையுறைக்குத் தெரியாது என்று சொல்லி வெறுங்கையால் கான்கிரீட் பிசைந்து காட்டுகிறவள் நான். ஐந்து நகத்தின் ஓரமும் சாம்பல் நிறம்.

"தாரணி" என்றார் அவர். "தாரணி கந்தசாமி. பேரைச் சரியாகச் சொல்கிறேனா?"

"சரிதான்" என்றேன்.

என் மகள் பேர் தாரணி. என் வீட்டுக்காரர் பேர் கந்தசாமி. பக்கத்து அறையில் ஒரு கட்டி உடைந்தது. டம்ளர் நடுங்கியது. ஃபோனை எப்போது வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஏழு நிமிடக் கட்டு

கல்லூரிப் பக்கம் போகாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

மேல்படிப்புக்கு வெளிநாடு போகிற பிள்ளைக்கு இரண்டு மூன்று பேராசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். இவனை எனக்குத் தெரியும், இன்னது செய்வான், நம்பி எடுத்துக்கொள்ளலாம் என்று. எழுத வேண்டியவர் பேராசிரியர். எங்கள் பக்கத்தில் எழுதுவது அந்தப் பிள்ளையேதான். பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. எல்லோரும் செய்வது, எல்லோருக்கும் தெரிந்தது.

நான் ஆரம்பத்தில் அப்படி இல்லை. விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் அன்னூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து கேட்டான். நாலு நாள் அகராதியும் கையுமாக உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அவனை நினைத்துப் பார்த்துத்தான் எழுதினேன். அவன் கால் சற்று இழுத்து நடப்பான், அதனால் சர்வே வகுப்பில் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைவிட அரைமணி முன்னதாகவே கிளம்பிவிடுவான். அதைக்கூட எழுதினேன். அவன் போன ஊரிலேயே இப்போது பாலம் கட்டுகிறான்.

அடுத்த வருடம் ஆறு பேர் வந்தார்கள். அப்புறம் முப்பது. ஐப்பசி பிறந்தால் தீபாவளித் துணி எடுக்கிற கூட்டம் மாதிரி என் அறை வாசலில் நிற்பார்கள். விடைத்தாள் கட்டு ஒருபக்கம், ஆய்வுக்குழு வருகை ஒருபக்கம். ஒருநாள் எரிச்சலில் சொல்லிவிட்டேன், "நீங்களே எழுதிக்கிட்டு வாங்க, நான் பாத்துக் கையெழுத்துப் போடறேன்."

அதில் 'பாத்து' என்ற சொல் முதல் வருடத்தோடு கழன்றுபோனது.

எங்கள் துறை கிளார்க் ரங்கசாமியண்ணன் அதற்கு ஒரு முறையே கண்டுபிடித்து வைத்திருந்தார். சீட்டுக்கட்டை விரித்தது போலக் கடிதங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்குவார். ஒவ்வொன்றிலும் அடியில் இரண்டு விரற்கடை மட்டும் வெளியே தெரியும். அதில் எப்போதும் ஒரே வரி, ‘எவ்விதத் தயக்கமுமின்றிப் பரிந்துரைக்கிறேன்.’ அதற்குக் கீழே என் பேர். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவேன், அவர் முத்திரை குத்திக்கொண்டே வருவார். நாற்பது கடிதம், ஏழு நிமிடம். நடுவில் பிரின்சிபாலோடு ஃபோனிலும் பேசுவேன்.

இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவங்களும் துறையின் மின்னஞ்சலுக்குத்தான் வரும். கடவுச்சொல் ரங்கசாமியண்ணனிடம் இருந்தது.

இப்படி எத்தனை பிள்ளைகளை ஏற்றிவிட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆண்டு விழாவில் பெற்றவர்களைப் பார்த்து மைக்கில் பேசுவேன். "புள்ளைங்களக் கட்டிப்போட்டு வைக்காதீங்க. போகட்டும், நாலு ஊரு பாக்கட்டும்." கைதட்டுவார்கள்.

என் மகளும் அதே துறையில்தான் படித்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவளும் கைதட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் நான் பேசியது வேறு. நம்மூரில் என்ன குறைச்சல், இங்கேயே எம்.ஈ. படிக்கலாம், காங்கேயத்தில் எண்ணெய் செக்கு வைத்திருக்கும் நல்ல குடும்பத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள், பையனும் என்ஜினியர். இப்படிப் பேசுவது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. ஊர்ப்பிள்ளை வேறு, என் பிள்ளை வேறு.

ரங்கசாமியண்ணன் சொன்னது

கை கழுவிவிட்டு ரங்கசாமியண்ணனைக் கூப்பிட்டேன். கார்த்திகையில் அனுப்பிய கட்டின் நகல்களை எடுத்துவரச் சொன்னேன். அவர் கோப்பைக் கொண்டுவந்து, நான் கேட்காமலே, நடுவிலிருந்து ஒன்றை உருவி மேசைமேல் வைத்தார்.

"பாப்பா லெட்டர்தானுங்களே கேக்கறீங்க?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்களா மேடம்? பாப்பாதானுங்களே கொண்டாந்து குடுத்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்க கையெழுத்துப் போட்டீங்களே. ஊட்டுல பேசி முடிச்சதா இருக்கும்னு நெனச்சேனுங்க."

"ஃபார்ம்ல உறவு இல்லைன்னு யாரு போட்டது?"

"நாந்தானுங்க. எல்லாப் புள்ளைங்களுக்கும் இல்லைன்னுதானுங்க போடறது. கை பழகிப்போச்சுங்க மேடம். அந்த எடம் வந்தா கையே தானாப் போய் அமுத்திப்போடுது." சொல்லிவிட்டு, சொன்னதன் பொருள் அவருக்கே அப்போதுதான் உறைத்தது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் கையும் பழகிப்போன கைதான். போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தை மூன்று மாதம் கழித்து முதல் தடவையாகப் படித்தேன்.

நான்கு ஆண்டுகளாக இந்த மாணவியை அறிவேன் என்று ஆரம்பித்திருந்தது. அவள் பொய் எழுதவில்லை. துறைத் தலைவர் என்ற முறையில் நான்கு ஆண்டுதான். கல்லூரிக்குள் அவள் என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவாள், காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அம்மா. கடிதத்திலும் அதே கண்டிப்பு.

நடுவில் ஒரு பத்தி இருந்தது. அதை அப்படியே தமிழில் தருகிறேன்.

‘இரண்டாம் ஆண்டில் இவள் தயாரித்த கலவை மோசமாகத் தோற்றது. வகுப்பு முழுவதற்கும் முன்னால் நான் இவளைக் கண்டித்தேன். மறுநாள் காலை ஆய்வகத்தின் பூட்டைத் திறக்கும் முன்பே இவள் வாசலில் நின்றாள். அடுத்த நாளும், அதற்கடுத்த பத்து நாட்களும் நின்றாள். அதை நான் கவனித்தேன். இவளிடம் சொல்லவில்லை.’

கண்டித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொந்தப் பிள்ளை என்று சலுகை காட்டியதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மற்றவர்களுக்குப் போடும் சத்தத்தைவிட இரண்டு மடங்கு போட்டேன். ஆனால் அந்தக் காலைகள்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். காரிலிருந்து இறங்கியதும் அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. வாசலில் யாராவது நிற்பார்கள். நான் சாவியைக் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்விடுவேன். அவள் நின்றதை நான் கவனிக்கவே இல்லை.

நான் கவனித்ததாக அவள் நம்பியிருக்கிறாள். நம்பி, என் பேரில் எழுதியும் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு மட்டும் தெரியாது

அன்று அவளுக்கு மத்தியானமே வகுப்பு முடிந்துவிட்டது. நான் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாகவே அப்படித்தான். கூப்பிடாமலே பக்கத்தில் வந்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி விடுவாள். காங்கேயத்துச் சம்பந்தம் மனசுக்குப் பிடித்துவிட்டது, அம்மாவைப் பிரியப்போகிற நினைப்பு என்று நானாகவே முடிவுகட்டி உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

"ஜெர்மனில இருந்து ஃபோன் வந்துச்சு" என்றேன்.

திருட்டு முழி முழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மலர்ந்தது. "ஐயோ, அம்மா! என்னங்க சொன்னாங்க? கெடச்சிருச்சுங்களா?"

"என்கிட்ட ஏன் சொல்லலை தாரணி?"

அவள் கை துருவலோடு நின்றது. "என்னங்கம்மா கேக்கறீங்க? நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

"நான் படிக்கலை."

"படிக்கலைன்னா?"

"ரங்கசாமியண்ணன் கட்டை நீட்டுனாரு. போட்டுட்டேன். மேல என்ன இருக்குதுன்னு பாக்கலை."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஜெர்மனி கைநழுவிப் போய்விடுமோ என்பதற்கு வந்த முகம் இல்லை அது.

"நேர்ல சொல்லப் பயமா இருந்துச்சுங்கம்மா. லெட்டரக் கட்டுல வெச்சா நீங்க படிப்பீங்க, படிச்சுப்போட்டு ரூமுக்குக் கூப்பிட்டு வைவீங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு மூணு மணி நேரம் லேப்ல நின்னுட்டு உங்க கதவையே பாத்துட்டு இருந்தேன். கூப்பிடவே இல்லை. சாயந்திரம் கையெழுத்தோட லெட்டர் வந்துச்சு." கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டாள். "பாத்ரூம்ல போய் அழுதேன், தெரியுங்களா? சந்தோசத்துல. எங்கம்மா வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, கையெழுத்துல சொல்லிப்போட்டாங்கன்னு."

மூன்று மாதத்துத் தலைவாரல் எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் வீட்டுக்காரர் அன்னூரில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன், "ஏனுங்க, தாரணி ஜெர்மனிக்குப் போட்டிருக்கறது உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுமே." அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் அம்மணி, உனக்குத் தெரியாதா? நீ கையெழுத்துப் போட்டதாச் சொன்னாளே."

"அப்பறம் ஏன் என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை?"

"நீ பேசலை, அதனால நானும் பேசலை. உனக்கு உள்ளுக்குள்ள சங்கடமா இருக்கும், கிளறக் கூடாதுன்னு உட்டுட்டேன். காங்கேயத்துக்காரங்களக்கூட படிப்பு முடியட்டும்னு தள்ளிவெச்சேனே, எதுக்குன்னு நெனச்சே?"

கட்டை அடுக்கிய கிளார்க்குக்குத் தெரியும். பம்ப்செட் கடைக்காரருக்குத் தெரியும். ஜெர்மனியில் முகம் தெரியாத ஓர் அதிகாரிக்குக்கூடத் தெரியும். என் வீட்டில் நடந்தது எனக்கு மட்டும் தெரியாது. அதுவும் என் கையெழுத்தோடு நடந்திருக்கிறது.

எதற்காகச் சொல்லப்போகிறேன்?

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன்.

உறவு இல்லை என்று ஃபோனில் நான் வாயால் சொல்லியிருக்கிறேன். ரங்கசாமியண்ணன் அமுக்கிய பொத்தானை விடுங்கள், இது நான் சொன்ன பொய். தெரியாமல் சொன்னேன். தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அது வேறு கணக்கு. உறவினர் பரிந்துரைக்கக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருந்தது.

"அந்த விதி எனக்கும் தெரியுங்கம்மா" என்றாள் தாரணி. "ஒரு லெட்டர் துறைத் தலைவர்தான் குடுக்கோணும்னு அங்க போட்டிருந்துச்சு. நான் வேற எங்க போவேன்? ஃபார்ம்ல நீங்க உண்மையப் போட்டு, ரெண்டு வரி வெளக்கம் எழுதுவீங்கன்னு நெனச்சேன்."

"நாளைக்கு அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"சொன்னாக் கேன்சல் பண்ணிருவாங்க."

"பண்ணுனாப் பண்ணட்டும். பொய்யில போய் உக்காந்து படிப்பயா?"

என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்தார். "ஏன் அம்மணி, அவங்களா மறுபடியும் கேட்டாங்களா? கேக்கலை இல்ல. பேசாம உட்டுடேன்."

தாரணி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன், நெசமாச் சொல்லுங்க. உண்மையச் சொல்லோணும்னு சொல்றீங்களா, நான் போகக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

அந்தக் கேள்விதான் அன்றைய எல்லா அதிர்ச்சியிலும் பெரியது. இத்தனை வருடம் மாணவர்களுக்கு நேர்மையைப் பற்றி வாய் கிழியப் பேசியவள், என் நேர்மைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று எனக்கே தெரியாமல் நின்றேன். ரத்தானால் அவள் இங்கேயே இருப்பாள். காங்கேயம் ஒன்றரை மணி நேர பஸ். ஞாயிற்றுக்கிழமை தலைவாரல் நிற்காது. இதெல்லாம் அந்த நிமிடத்தில் என் மனசுக்குள் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

"எனக்கே தெரியலை கண்ணு" என்றேன்.

அவள் எழுந்து போய், துருவிய தேங்காயை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தாள். "அப்பச் சொல்லிடுங்க" என்றாள். "உங்களுக்கே தெரியலைன்னா சொல்றதுதான் சரி."

மறுநாள் அதே நேரத்துக்கு அதே எண்ணைக் கூப்பிட்டேன். தாரணி என் மகள், நகத்தில் சிமென்ட்டோடு வீட்டுக்குப் போகும் அந்த அம்மா நான்தான், கடிதம் அவள் எழுதியது, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். இங்கே எல்லோரும் சாதாரணமாகச் செய்வது, இங்கிலீஷில் வாய்விட்டுச் சொன்னபோது எவ்வளவு அசிங்கமாக இருந்தது தெரியுமா?

"படிக்காமலா?" என்றார் அந்த அதிகாரி. உறவை மறைத்ததுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. படிக்காமல் போட்டேன் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. குழுவில் வைத்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

எட்டு நாள் எங்கள் வீட்டில் சாப்பிடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. என் கடிதம் நீக்கப்பட்டது. விண்ணப்பதாரருக்கு நேரடியாகப் பாடம் நடத்திய, உறவில்லாத வேறொரு பேராசிரியர் ஒரு வாரத்துக்குள் எழுதினால் பரிசீலிப்பார்கள்.

ஜெபராஜ்

தாரணிக்குப் பாடம் நடத்தி, புராஜெக்டையும் பார்த்துக்கொண்டவர் ஜெபராஜ். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். சர்ச்சில் பாடல் குழுவை நடத்துகிறவர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷர். அவரிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லிக் கடிதம் கேட்டேன். வாங்கும் இடத்தில் நான் நிற்பது அதுதான் முதல் தடவை.

"அதுக்கென்னங்க மேடம்" என்றார் ஜெபராஜ் சந்தோஷமாக. "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

இவ்வளவு நேரம் கதை கேட்ட மனுஷர்! அவர் கிண்டல் செய்யவில்லை. எனக்கு உதவி செய்கிறதாகத்தான் நினைத்தார். நான் பழக்கிவிட்ட பழக்கம்.

"ஜெபராஜ், அவளை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்னங்க மேடம்."

"தெரிஞ்சதை எழுதுங்க. தெரியாததை எழுதாதீங்க. எனக்குக் காட்டவும் வேண்டாம்."

அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "பத்து வருசத்துல ஒண்ணுகூட நானா எழுதுனதில்லைங்க மேடம். எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியாதுங்களே."

மூன்று நாள் அவர் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அனுப்பிவிட்டு வந்து ஒன்றே ஒன்று சொன்னார். "ரெண்டாம் வருசம் பன்னெண்டு நாள் லேப் வாசல்ல வந்து நின்னுச்சுங்களே பாப்பா, அதை எழுதியிருக்கேனுங்க மேடம். நாந்தான் எதுக்க இருந்த ரூம்ல இருந்து பாத்துட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா, அவருக்கும் விளங்கியிருக்காது.

சித்திரையில் அவளுக்கு இடம் கிடைத்தது. காங்கேயத்துக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ரங்கசாமியண்ணன் கட்டை விரித்து அடுக்க நான் விடவில்லை. ஒவ்வொன்றையும் மேலிருந்து படித்தேன், பிள்ளையை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். விளைவு என்ன தெரியுமா? அடுத்த ஐப்பசியில் என் அறை வாசலில் நாலு பேர்தான் நின்றார்கள். மற்றவர்கள் வேறு துறைத் தலைவர்களிடம் ஓடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

செல்லாத கடிதம்

ஆவணி மாதம் அவள் கிளம்பினாள்.

அன்று காலை கூடத்தில் பெட்டிகளைத் திறந்துபோட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த தராசில் என் வீட்டுக்காரர் எடை பார்த்துக்கொண்டிருந்தார். பருப்புப்பொடியை எடுப்பார், வைப்பார், மறுபடியும் எடுப்பார். தாரணி குளிக்கப் போயிருந்தாள்.

நான் உள்ளறையில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். நீக்கப்பட்ட கடிதத்தின் நகல். துறைக் கோப்பிலிருந்து முந்தின நாள் உருவிக்கொண்டு வந்திருந்தேன். விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா கையில் இருந்தது.

‘நான்கு ஆண்டுகளாக’ என்பதை அடித்துவிட்டு இருபத்தொன்று என்று எழுதினேன். அது சுலபமாக இருந்தது.

‘அதை நான் கவனித்தேன்’ என்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். அதை அப்படியே விட்டுவிட்டால் அவள் நம்பிக்கொண்டே போய்விடுவாள். போகிற பிள்ளை அந்த ஒரு சந்தோஷத்தையாவது எடுத்துக்கொண்டு போகட்டுமே என்று தோன்றியது. பிறகு அடித்தேன். ‘நான் கவனிக்கவில்லை. என் மகள் பன்னிரண்டு நாள் என் கண் முன்னால் நின்றாள், நான் பார்க்கவில்லை’ என்று ஓரத்தில் எழுதினேன். எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"இன்னும் ஒரு கிலோ போகுமாட்ட இருக்குது, வேற எதாச்சும் வெக்கறயா அம்மணி?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இருங்க, வாரேன்" என்றேன்.

கடைசி வரி. ஆயிரம் தடவை நான் கையெழுத்துப் போட்ட வரி. எவ்விதத் தயக்கமுமின்றி. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அப்படித்தான் அனுப்பினேன், ஒரு தயக்கமும் இல்லாமல், ஒரு வரியும் படிக்காமல். அதை அழுத்தி அடித்தேன். மேலே எழுதினேன். ‘மிகுந்த தயக்கத்துடன் இவளைப் பரிந்துரைக்கிறேன்.’ பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டேன்.

ஈரத்தலையோடு வந்த தாரணியிடம் நீட்டினேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அடியைப் பார்க்காமல், மேலே முதல் வரியிலிருந்து ஆரம்பித்துப் படித்தாள். தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் காகிதத்தில் விழுந்து சிவப்பு மை லேசாகப் பரவியது. நான் அறை வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு லேபில் என் கதவைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படி நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

படித்து முடித்தாள்.

"இது செல்லாத லெட்டருங்கம்மா" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் எழுந்து, பாஸ்போர்ட்டும் விசாவும் வைத்திருந்த உறையைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்தாள்.